வைசாலியின் 7,707 அரசர்கள்: லிச்சவிகளின் ஆட்சி எப்படி நடந்தது?

கேள்வி (வரலாற்று மாணவி):
பாடநூல்கள் புத்தர் காலத்தில் வைசாலியில் (இன்றைய பீகாரில் உள்ளது) இருந்த லிச்சவி குலத்தாரின் ஆட்சியைக் குடியரசு என்று கூறிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகின்றன. புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான ஏகபண்ண ஜாதகமோ அந்நகரில் 7,707 அரசர்களும், அதே எண்ணிக்கையில் உபராஜாக்களும் (துணை அரசர்கள்) சேனாபதிகளும் பண்டாரிகளும் (கருவூலக் காப்பாளர்கள்) இருந்ததாகச் சொல்கிறது. இத்தனை பேர் சேர்ந்து எவ்வாறு நிர்வாகம் செய்தார்கள்? சாதாரண மக்களுக்கு அதில் இடம் இருந்ததா?

மறுமொழி 1 (ஏடு):
அந்த எண்ணைக் கணக்கெடுப்பைப் போல எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆளும் உரிமை ஒரே மன்னனிடம் குவியாமல் லிச்சவி சத்திரியக் குடும்பத் தலைவர்கள் பலரிடம் இருந்தது என்பதே அதிலிருந்து நாம் பெறும் செய்தி. அவர்கள் சந்தாகாரம் எனப்பட்ட மன்றத்தில் கூடிப் பொதுக் காரியங்களை முடிவு செய்தார்கள்.

என்னை மிகவும் ஈர்ப்பது அவர்களுடைய நீதிமுறை. திருடன் என்று பிடித்து வரப்பட்டவரை முதலில் விசாரணை அமைச்சர் விசாரிப்பார். குற்றமற்றவர் என்று கண்டால் அவரே விடுவித்துவிடலாம். குற்றவாளி என்று கண்டாலோ, தண்டிக்காமல் அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும். எட்டுக் குலத்தார், சேனாபதி, உபராஜா என ஒவ்வொரு படியிலும் இதே விதிதான். கடைசியில் ராஜா, முன்தீர்ப்புகள் எழுதப்பட்ட ஏட்டைப் பார்த்துத் தண்டனை விதிப்பார். ஆனால் இவ்விவரம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் உரை மரபில் வருவதால், புத்தர் காலத்து நடைமுறை அப்படியே இதுதான் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

மறுமொழி 2 (நதிக்கரை):
இரண்டாவது கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. ஆட்சியுரிமை பிறப்பால் வந்தது. வயலில் உழைத்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் மன்றத்தில் இடமில்லை. அண்டையிலிருந்த சாக்கியர், கோலியர் ஆகிய கணங்களை (லிச்சவிகளைப் போலக் குலத்தார் கூடி ஆண்ட அரசுகளை) பற்றிய பாலி உரைக்கதை ஒன்று இந்த இடைவெளியை நன்றாகக் காட்டுகிறது. ரோகிணி ஆற்று நீருக்காக இரு தரப்பு உழைப்பாளர்களும் சண்டையிட, அது பெரிதாகி ஆளும் குலத்தார் ஆயுதங்களுடன் திரண்டுவிடுகிறார்கள். எதற்காகப் போர் என்று புத்தர் வினவும்போது தலைவர்களுக்குக் காரணம் தெரியவில்லை. படிப்படியாகக் கீழே விசாரித்து, இறுதியில் அடிமைகளிடமும் கூலியாட்களிடமும் கேட்ட பிறகுதான் தண்ணீர்த் தகராறு என்று தெரியவருகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இவ்வளவு கட்டுக்கோப்பான வைசாலி, அண்டை முடியரசான மகதத்திடம் வீழ்ந்தது எப்படி?

மறுமொழி 3 (ஏடு):
வஜ்ஜிகள் (லிச்சவிகள் உள்ளிட்ட குலக் கூட்டமைப்பினர்) அடிக்கடி கூடி ஒற்றுமையாகச் செயல்படும் வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்று மகாபரிநிர்வாண சூத்திரத்தில் புத்தர் கூறுகிறார். அதைக் கேட்ட மகத மன்னன் அஜாதசத்ருவின் அமைச்சர் வஸ்ஸகாரர், போரால் முடியாது, பிளவுபடுத்தினால்தான் முடியும் என்று புரிந்துகொள்கிறார். உரைநூலின்படி, அவர் மகதத்திலிருந்து விரட்டப்பட்டவரைப் போல வைசாலிக்கு வந்து தங்கி, ஒரு லிச்சவியைத் தனியே அழைத்து, "வயலை உழுகிறார்களா?" என்பது போன்ற அற்பக் கேள்வி ஒன்றைக் கேட்பார். என்ன பேசினீர்கள் என்று மற்றவர்கள் கேட்கும்போது அந்த லிச்சவி உள்ளதைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று ஆண்டுகளில் ஒருவரையொருவர் நம்பாத நிலை வந்துவிட, மகதப் படை எதிர்ப்பின்றி நுழைந்தது. மன்றத்தில் கூடி முடிவெடுக்கும் ஆட்சிக்குப் பரஸ்பர நம்பிக்கையைத் தவிர வேறு அரண் இல்லை என்றே நான் கருதுகிறேன். இதை வெறும் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அரசியல் நூலான அர்த்தசாத்திரத்தின் 11-ஆம் அதிகரணம் (பகுதி) இத்தகைய சங்கங்களுக்குள் (கூடி ஆளும் குல அரசுகளுக்குள்) பகை மூட்டும் வழிகளை விரிவாகக் கூறுவதோடு, லிச்சவிகளையும் மல்லர்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.