உபுண்டு 20.04இல் நிறுவிய மென்பொருள்களை 24.04க்கு அப்படியே கொண்டுபோக முடியுமா? இணையம் மிக மெதுவு

கேள்வி:

மடிக்கணினியில் நாலு வருடமாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பு ஓடுகிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டதால் 24.04க்கு மாறலாம் என்று இருக்கிறேன். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை நண்பர் கொடுத்துவிட்டார், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் இணையம்தான். நல்ல நேரத்திலேயே நொடிக்கு 60 கேபி தாண்டாது, அதாவது ஒரு ஜிபி இறங்க நாலரை மணி நேரத்துக்கு மேல், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். படம் திருத்தும் கிம்ப், ஓவியம் வரையும் இங்க்ஸ்கேப், காணொளி தொகுக்கும் கேடென்லைவ், ஆவணம் அச்சுக்கோக்கும் டெக் லைவ் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவை நிறைய, டெக் லைவுக்கு மட்டுமே பல இரவுகள் கணினியை அணைக்காமல் விட்டேன்.

நிரல்கள் இருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்துப் புதியதில் போட்டால் ஓடுமா? இறக்கிய டெப் கோப்புகள் (மென்பொருளை நிறுவும் பொதிகள்) கேஷ் கோப்புறையில் இருக்கும் என்றார்கள், போய்ப் பார்த்தால் ஏழெட்டுதான் கிடக்கின்றன, மற்றவை எங்கே போயின? டிபிகேஜி கட்டளை மூலம் நிறுவியிருப்பவற்றின் பட்டியல் எடுத்தேன், 2,300 வரிக்கு மேல் வருகிறது. அதை என்ன செய்வது?

பதில் 1:

யுஎஸ்ஆர் பக்கம் போகவே போகாதீர்கள். நான் ஒருமுறை செய்து பார்த்தேன், பாதிப் பிரதியிலேயே பிரதி எடுக்கும் கட்டளை செத்துவிட்டது, அதற்குப் பிறகு கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கூட ஓடவில்லை. நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 20.04இல் 2.31, 24.04இல் 2.39. புதிய நிரல்கள் எல்லாம் புதிய ஜிலிப்சியை நம்பித் தொகுக்கப்பட்டவை, அதன் மேல் பழையதை எழுதினால் மொத்த வீடும் சரிகிறது.

கேஷ் காலியாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஆப்ட் என்ற கட்டளை நிறுவி முடித்ததும் டெப் கோப்பை அழித்துவிடும், பழைய ஆப்ட்-கெட் வைத்திருக்கும். ஆனால் வருத்தப்பட வேண்டாம், எல்லாம் இருந்திருந்தாலும் பயனில்லை, 20.04க்கான டெப் 24.04க்கு ஆகாது. அதே 20.04ஐ மறுபடி நிறுவுவதாக இருந்தால் மட்டும் உதவியிருக்கும்.

அந்த 2,300 வரிப் பட்டியலும் அப்படித்தான். அதில் நிறைய நூலகங்கள், பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டியிருக்கும். லிப்ஐசியு66 என்பது 24.04இல் லிப்ஐசியு74. ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் என்று கொடுங்கள், நீங்கள் கேட்டு நிறுவியவை வரும், கூடவே கணினியோடு வந்தவையும் கொஞ்சம் வரும், அவற்றைக் கையால் அடித்துவிட்டால் அநேகமாக ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

கேட்டவர்:

சரி, 41 பெயர்தான் மிஞ்சியது. ஆனால் அந்த 41ஐயும் இங்கே இறக்கினால் மறுபடி பல இரவுதானே?

பதில் 2:

இங்கே இறக்காதீர்கள். ஐஎஸ்ஓ கொடுத்த நண்பரிடம் நல்ல இணையம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதே ஐஎஸ்ஓவில் செய்த பென் டிரைவை அவர் கணினியில் போட்டு, நிறுவாமல் சும்மா முயன்று பார்க்கும் நிலையில் துவக்குங்கள், அவருடைய வட்டில் எதுவும் மாறாது. யுனிவர்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியம் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஆப்ட்-கெட் அப்டேட், அப்புறம் உங்கள் 41 பெயரையும் கொடுத்து ஆப்ட்-கெட் இன்ஸ்டால், டவுன்லோட்-ஒன்லி தெரிவோடு. நிறுவாது, சார்ந்த தொகுப்புகளையும் சேர்த்து இறக்கி மட்டும் வைக்கும். ஒன்று கவனம்: அந்த நிலையில் எல்லாம் ராமில் போய் உட்காரும், அதனால் டெப் கோப்புகள் இறங்கும் ஆர்க்கைவ்ஸ் கோப்புறையை வெளி வட்டுக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்தாறு தொகுப்பாகப் பிரித்து இறக்கி அவ்வப்போது வெளியே நகர்த்துங்கள்.

உங்கள் கணினியில் நிறுவும்போது விரிவான தெரிவு என்று ஒன்று வரும், அதையே எடுங்கள். முயன்று பார்க்கும் நிலையில் இருக்கும் அடிப்படைத் தொகுப்புகள் அதற்குத்தான் ஒத்துவரும், லிப்ரே ஆபீசும் இறக்காமலே கிடைத்துவிடும். குறைந்த தெரிவை எடுத்தால் சார்ந்தவை சில விடுபட்டு நிற்கும். பிறகு டெப் கோப்புறைக்குள் போய் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஆப்ட் இன்ஸ்டால் செய்தால் முடிந்தது. டெக் லைவ் ஃபுல் வேண்டாம், விளக்க ஆவணங்கள் எல்லாம் கூடவே வந்து பருமனாகும், நீங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் பகுதிகளை மட்டும் கேளுங்கள்.

பதில் 3:

மேலே சொன்னது சரியான வழிதான், ஆனால் எனக்கு வேறொரு யோசனை. வட்டில் 40 ஜிபி இடம் கிடைத்தால் 20.04ஐ அழிக்காமல் பக்கத்தில் 24.04ஐ நிறுவுங்கள். முதலில் கோப்புகளைப் பிரதி எடுப்பது, அப்புறம்தான் வட்டைப் பிரிக்கும் வேலை, அந்த வரிசை மாறக்கூடாது. ஏதாவது விடுபட்டால் பழையதில் போய் வேலையை முடித்துக்கொள்ளலாம், இணையம் மெதுவாக இருப்பவர்களுக்கு இந்த நிம்மதி பெரிது.

இன்னொன்று, மென்பொருளை விட அமைப்புகள்தான் திரும்பக் கிடைக்காதவை. உங்கள் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் மறைந்திருக்கும், அவற்றையும் எடுங்கள். கிம்ப் இரண்டிலும் 2.10தான், தூரிகைகள் அப்படியே வேலை செய்யும். இங்க்ஸ்கேப் 0.92இலிருந்து 1.2க்குத் தாவுகிறது, பழைய நீட்சிகளை நம்ப வேண்டாம். பயர்பாக்ஸில்தான் பலர் மாட்டுகிறார்கள்: 24.04இல் அது ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் வருகிறது, சுயவிவரம் (உங்கள் அமைப்புகளும் புத்தகக்குறிகளும்) ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கும். அதோடு உங்கள் 20.04 பயர்பாக்ஸ் புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் ஐஎஸ்ஓவில் இருப்பது அதைவிடப் பழைய பதிப்பாக இருக்கலாம், புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழையது திறக்க மறுக்கும். புத்தகக்குறிகளைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டு மாறுங்கள்.

ஆப்இமேஜ் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு மென்பொருள்) ஏதாவது வைத்திருந்தால் அதை மட்டும் நீங்கள் முதலில் கேட்டபடியே தூக்கிக்கொண்டு போகலாம். பெரும்பாலும் ஓடும், 24.04இல் லிப்ஃபியூஸ்2 என்ற நூலகம் இல்லை என்று அடம்பிடிக்கும், அதையும் நண்பர் வீட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்:

பயர்பாக்ஸ் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. பட்டியலில் லிப்ஃபியூஸ்2 சேர்த்தாயிற்று, டெக் லைவ் ஃபுல்லை எடுத்துவிட்டேன். வெளி வட்டு எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்கிறது, டெப் கோப்புகளுக்குப் பிரச்சினை இருக்காதுதானே?

பதில் 2:

எஃப்ஏடி32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, ஆனால் தனித்தனி டெப் எதுவும் அதைத் தொடாது, தாராளமாகப் போடலாம். ஹோமை அதில் வெறுமனே பிரதி எடுக்காதீர்கள், அனுமதிகள் போய்விடும். எல்லாவற்றையும் டார் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டுங்கள், 4 ஜிபிக்கு மேல் போனால் துண்டு போடுங்கள்.