ஜீரோ பொத்தானை அழுத்துவதற்கு முன்

மதுரை கப்பலூர் பக்கம் ஓர் ஐஸ் பிளாண்ட்டில், குளிரூட்டப் பயன்படும் அமோனியா வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் மாட்டியபோது நான் செய்த பிழையை, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

அமோனியா காற்றைவிட லேசானது என்பதால், கம்ப்ரசருக்கு மேலே உயரத்தில் சென்சாரைப் பொருத்தினோம். மின் இணைப்புக் கொடுத்து, கையேட்டில் சொல்லியிருந்த நேரம் முழுவதும் காத்திருந்த பிறகும் திரையில் 12 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 12 பங்கு) என்றே நின்றது. புது சென்சார், கொஞ்சம் விலகியிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒப்புக்கு, பக்கத்தில் நின்ற ஆபரேட்டரிடம், “வாடை ஏதும் வருதாண்ணே?” என்று கேட்டேன். “இங்க எப்பவும் அடிக்கிறதுதான் தம்பி, புதுசா ஒண்ணுமில்ல” என்றார். வருடக்கணக்கில் அந்த அறையிலேயே இருப்பவரின் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்போது காட்டும் அளவையே பூஜ்ஜியமாக்கிவிடும் ஜீரோ பொத்தானை அழுத்தினேன், 12 மறைந்து 0 வந்தது.

மாலையில் நண்பர் ஒருவர் கொண்டுவந்த கையடக்க மீட்டர் அதே இடத்தில் 14 காட்டியது. சுவரில் இருந்ததோ 2 காட்டியது. அந்த ஆபரேட்டர் அண்ணனே, அமோனியா பட்டால் வெள்ளைப் புகை கிளப்பும் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டு போக, ஒரு வால்வின் கிளாண்டு (தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் பகுதி) அருகே வந்ததும் வெள்ளைப் புகை திரண்டது. கசிவைத்தான் நான் ‘சுத்தமான காற்று’ என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பாகிய 25 பி.பி.எம்.மில் அலாரம் வைத்திருந்தோம்; என் புண்ணியத்தில் அது 37 ஆன பிறகே அலறியிருக்கும்.

கிளாண்டைச் சரிசெய்த பின், பேனலில் அலாரத்தையும், கம்ப்ரசரைத் தானாக நிறுத்தும் டிரிப்பையும் தற்காலிகமாக நிறுத்திவைத்து, ஷிஃப்டில் இருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டு, சென்சாரில் மூடியை மாட்டி, சிலிண்டரிலிருந்து ஜீரோ ஏர் என்னும் சுத்தமான காற்றைச் செலுத்தி, எண் அசையாமல் நின்ற பிறகே ஜீரோ செய்தேன். பிறகு அளவு தெரிந்த அமோனியா வாயுவைக் கொடுத்து, கருவி அதே அளவைக் காட்டுகிறதா என்று ஸ்பான் பார்த்தேன். நிறுத்திவைத்ததைத் திரும்பப் போட மறக்காமலிருக்க, பேனல் கதவில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவைப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

இதைப் படித்த எங்கள் குழுவின் மற்றோர் உறுப்பினர் எழுதிய பதில்:

உங்களுக்காவது தவறான எண் வந்தது. எனக்கு வந்தது சரியான எண். மதுரை மாட்டுத்தாவணி அருகே ஓர் ஓட்டலின் எல்.பி.ஜி. (சமையல் எரிவாயு) சிலிண்டர் அறையில் இருந்த டிடெக்டர், மாதக்கணக்கில் 0 விட்டு அசையாததால், நல்ல கருவி என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டிப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு அருகிலேயே கதவுக் கீலுக்குச் சிலிக்கான் ஸ்பிரே அடித்துவந்திருக்கிறார்கள். அது கேட்டலிட்டிக் வகை சென்சார், அதாவது உள்ளே உள்ள சிறு மணியின் (bead) மேல் வாயுவை எரித்து அளவு பார்ப்பது. சிலிக்கான் பட்டால் அதன் மணி செத்துவிடும், ஆனால் செத்த மணியும் சுத்தமான காற்றில் 0தான் காட்டும். சோதனை வாயுவைக் கொடுத்தபோது எண் நகரவே இல்லை. இன்னொன்று, இந்த வகைக்கு ஜீரோ பார்க்க வெறும் நைட்ரஜனைக் கொடுக்கக் கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் அது வேலை செய்யாது என்பதால், 20.9 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று சிலிண்டரே வேண்டும். சென்சாரை மாற்றினோம், கீலுக்கு இப்போது சாதா எண்ணெய்தான் போடுகிறார்கள்.