'நித்திய ஆக்கினை' என்றால் எவ்வளவு காலம்?

பொருநைக்கரை:
எங்கள் ஆச்சி கடைசிவரை சுடலைமாடனைக் கும்பிட்டவள். நான் மட்டும்தான் சபைக்குப் போகிறேன். போன வாரம் துக்கம் கேட்க வந்த ஊழியர், ஆச்சி நித்திய அக்கினியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டுப் போனார். முடிவில் தேவன் எல்லாரையும் மீட்டுவிடுவார் என்று ஆதிச்சபையிலேயே சிலர் போதித்தார்களாமே, ஓரிஜன், நீசா நகர் கிரகோரி என்று. நான் அதை நம்பலாமா?

பெரோயாக்காரன்:
தம்பி, அந்த ஊழியர் பேசியது தப்பு. தீர்ப்பு சொல்ல அவர் யார்? ஆனால் அதற்காக வேதத்தை வளைக்க முடியாது. மத்தேயு 25:46 பாருங்கள்: நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தண்டனைக்கு முடிவு உண்டென்றால் ஜீவனுக்கும் முடிவு உண்டு என்று சபைப் பிதா அகஸ்டின் அப்போதே மடக்கிவிட்டார். ஓரிஜனையோ கி.பி. 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய ஆயர்கள் சங்கமே சபித்தது.

ஏட்டுச்சுவடி:
அதே சொல், 'ஐயோனியோஸ்', ரோமர் 16:25-இலும் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே என்ன போட்டிருக்கிறார்கள்? 'ஆதிகாலமுதல்' அடக்கமாயிருந்த இரகசியம். அதே வாக்கியமே இப்பொழுது அது வெளிப்பட்டது என்கிறது. அப்படியானால் அந்தக் காலத்துக்கு முடிவு வந்துவிட்டதே! இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல் அது. பரலோக ஜீவனுக்கு முடிவில்லை என்பதற்கு 'சாவாமை' பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 15 போதும், இந்தச் சொல்லை நம்பி அது நிற்கவில்லை.

553 பற்றி: ஓரிஜன் பெயர் கண்டனப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற போதனையைக் கண்டிக்கும் 15 சாபங்கள், அதாவது கண்டனத் தீர்மானங்கள், சங்கத்தின் அமர்வுகளில்தான் நிறைவேறினவா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள்ளேயே சண்டை. கிரகோரியையோ அதே சங்கம் பிதாக்கள் வரிசையில் வைத்துக் கொண்டாடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அகஸ்டினும் அதே வரிசையில்தான்!

பெரோயாக்காரன்:
அந்த 1 கொரிந்தியர் 15-இல் 'எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்' என்பதற்கு அடுத்த வசனம் 'அவருடையவர்கள்' என்கிறதே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அப்புறம், ஏரோதும் அவன் கொன்ற குழந்தைகளும் ஒரே பந்தியிலா?

ஏட்டுச்சுவடி:
சும்மா விட்டுவிடுவதாகக் கிரகோரி சொல்லவில்லை. களிமண் காய்ந்து அப்பிய கயிற்றை ஒரு சின்னத் துவாரத்தில் விட்டு இழுப்பதுபோல என்கிறார். கயிறு இந்தப் பக்கம் வந்துவிடும், மண் அந்தப் பக்கம் உதிரும். எவ்வளவு மண்ணோ அவ்வளவு வலி. ஏரோது கயிற்றில் எத்தனை பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரோயாக்காரன்:
நல்ல உவமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிறு 'வரமாட்டேன்' என்று சொல்லாது. மனுஷன் சொல்வான். அப்படிச் சொல்பவனையும் இழுத்துக்கொண்டு போனால் அதற்குப் பெயர் இரட்சிப்பா, கைதா?

ஏட்டுச்சுவடி:
கண் தெளிந்தபின் எவனும் அப்படிச் சொல்லமாட்டான் என்பது கிரகோரியின் நம்பிக்கை. அதை வசனம் காட்டி நிரூபிக்க என்னால் முடியாது, சரி.

பொருநைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. நாளைக்கு ஆச்சிக்குப் பதினாறு, ஊருக்குக் கிளம்புகிறேன். ரோமர் 16-ஐ பஸ்ஸில் வாசித்துப் பார்க்கிறேன்.

பெரோயாக்காரன்:
போய்விட்டு வாங்க தம்பி. படையல் சோற்றைச் சாப்பிடலாமா என்று மட்டும் இங்கே கேட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.