புதுப்பிப்பு: களியாகிப்போன கோழி பாஸ்தா சூப்

இத்தாலிய பாணி கோழி சூப் இரவில் அருமையாக இருந்தது, காலையில் சாறே இல்லாமல் பாஸ்தா ஊதிக் களியாகிவிட்டது என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். பாஸ்தாவைத் தனியே வேகவைக்கச் சொன்னீர்கள். நேற்று அப்படியே செய்தேன். சிக்கல் தீர்ந்தது.

சூப்பில் கிடக்கும்வரை பாஸ்தா சாற்றை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அடுப்பை அணைத்தாலும் விடாது. அதனால் டிடாலினி என்னும் குட்டிக் குழாய் பாஸ்தாவை, பொட்டலத்தில் போட்டிருப்பதைவிட 1 நிமிடம் முன்பே வடித்து, கொஞ்சம் ஆலிவ் எண்ணெயில் பிரட்டி வைத்தேன். பரிமாறும்போது கிண்ணத்தில் பாஸ்தா, அதன்மேல் கொதிக்கும் சூப்.

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் இம்முறை 10 நிமிடம் நிதானமாக வதக்கினேன். போன முறை அவசரப்பட்டது நாக்குக்கு இப்போதுதான் புரிகிறது. எலும்பில்லாத தொடைக்கறி 20 நிமிடத்தில் வெந்தது; எடுத்துப் பிய்த்து மீண்டும் போட்டேன். பார்மசான் பாலாடைக்கட்டியின் காய்ந்த ஓரத்தைச் சாற்றில் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தேனே!

மிச்ச சூப்பை இன்று மதியம் சூடாக்கினேன். சாறு சாறாகவே இருந்தது.