இத்தாலிய மொழியும் பண்பாடும்: பட்டப் படிப்புக்கு எங்கே சேரலாம்?

கேள்வி: பொன்னி

நண்பர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்துவிட்டு இத்தாலிய மொழி கற்று வருகிறேன். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் இடைநிலையான பி1 தேர்வில் தேறியிருக்கிறேன். இத்தாலிக்கே சென்று அம்மொழியையும் பண்பாட்டையும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பாகப் படிக்க விரும்புகிறேன். பெரூஜாவிலும் சியெனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே உள்ள பல்கலைக்கழகங்களில் சேர்வதா, பொலோன்யா, பதுவா போன்ற பழைய பல்கலைக்கழகங்களின் 'லெத்தெரே' எனும் இலக்கியப் பிரிவில் இத்தாலிய மாணவர்களோடு படிப்பதா என்று முடிவெடுக்க இயலவில்லை. தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழியாக நடக்கும் என்கிறார்கள். எழுதச் சொன்னால் எப்படியோ எழுதிவிடுவேன். பேராசிரியர் எதிரே உட்கார்ந்து பேசுவதை நினைத்தால்தான் கலக்கமாக இருக்கிறது. அங்கே படித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: தேன்சிட்டு

நான் சியெனாவில் படித்தவள். பெரூஜா, சியெனா இரண்டும் வெளிநாட்டவருக்கு மொழி கற்பிக்கத் தொடங்கப்பட்டவை என்றாலும், இன்று முறையான பட்டம் வழங்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள். சில வாரங்களோ மாதங்களோ நடக்கும் மொழி வகுப்புகளும் பட்டப் படிப்பும் ஒரே இடத்தில் இருப்பதால், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மொழி வகுப்பில் அரிச்சுவடியிலிருந்தே தொடங்கலாம். பட்டப் படிப்புக்கோ பி1க்கு அடுத்த பி2 நிலை வேண்டும். சியெனா நடத்தும் சில்ஸ் தேர்விலோ பெரூஜா நடத்தும் செலி தேர்விலோ அந்த நிலையைக் காட்டலாம். ஆகவே, பி1 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

பின்னாளில் பிறமொழியினருக்கு இத்தாலியம் கற்பிக்கும் எண்ணம் இருந்தால் சியெனா நல்ல தேர்வு. அத்தகைய ஆசிரியர்களுக்கான தித்தல்ஸ் சான்றிதழை வழங்குவதும் அந்தப் பல்கலைக்கழகமே.

மறுமொழி: வைகைக்கரை

பொலோன்யாவில் லெத்தெரே படித்தவன் என்ற முறையில் வாய்மொழித் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் முடிவு அதைப் பொறுத்தே அமையும் என்று தோன்றுகிறது.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 180 கிரெடிட்டுகள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்ந்து 25 மணி நேர உழைப்பு. இத்தாலிய இலக்கியம் போன்ற 12 கிரெடிட் பாடத்துக்கு 300 மணி நேரம் ஆகிறது. அவ்வளவையும் கால் மணியிலோ அரை மணியிலோ பேசிக் காட்ட வேண்டும். பேராசிரியர், இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே நரகம் முதல் சொர்க்கம் வரையிலான பயணத்தைப் பாடிய 'திவீனா கொம்மேதியா' காவியத்தை உங்கள் முன் திறந்துவைத்து, நூறு காண்டங்களுள் ஒன்றிலிருந்து சில அடிகளை வாசிக்கச் சொல்வார். பிறகு அதை இன்றைய உரைநடையில் விளக்க வேண்டும். அடுத்து யாப்பு, அதற்கும் அடுத்து அந்தப் பாத்திரம் ஏன் நரகத்தின் அந்த வட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வி. மதிப்பெண் முப்பதுக்கு, பதினெட்டு வாங்கினால் தேர்ச்சி. கிடைத்தது போதாது என்று கருதினால், மதிப்பெண்ணை ஏற்காமல் அடுத்த சுற்றில் மீண்டும் எழுதலாம், மன்னிக்கவும், மீண்டும் பேசலாம்.

இந்தத் தேர்வுகள் பொதுவில் நடப்பவை. யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். உங்கள் முறைக்கு முந்தைய சுற்றிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். எந்தப் பேராசிரியர் எதைத் துருவிக் கேட்கிறார் என்பது ஒரு காலைப் பொழுதிலேயே புரிந்துவிடும், பாதிக் கலக்கமும் தீர்ந்துவிடும்.

தாந்தே 1321இல் மறைந்தவர் என்றாலும், குறிப்புரையின் துணையோடு அவரைப் படிக்க முடிகிறது. காரணம், அறிஞர் பியெத்ரோ பெம்போ 1525இல், தாந்தேயின் நூற்றாண்டிலேயே ஃபுளோரன்ஸ் மொழி மரபில் எழுதிய பெத்ரார்க்காவையும் பொக்காச்சோவையும் எழுத்து மொழிக்கு முன்மாதிரிகளாக நிறுவினார். 1612இல் குருஸ்கா எனும் மொழிக் கழகம் அதே ஃபுளோரன்ஸ் மரபை அகராதியாக்கியது. ஆனால் நாடு ஒன்றான 1861இல் இத்தாலியத்தைப் பேசத் தெரிந்தவர்கள் மக்களில் 2.5 விழுக்காட்டினரே என்று மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ மதிப்பிட்டார். இன்னொரு மொழியறிஞரான கஸ்தெல்லானி அதைக் கிட்டத்தட்டப் பத்து விழுக்காடு என்றார். மொழி வரலாற்றுத் தேர்வுக்குப் போகிறவர், இருவரும் எதை அளந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. எழுத்து வேறு, பேச்சு வேறு என்னும் நிலை தமிழருக்குப் புதிதல்ல. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கிதானே!

என் கருத்தில், இலக்கியமே நோக்கமென்றால் பெரிய பல்கலைக்கழகம்.

மறுமொழி: பலேர்மோவாசி

நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்து, தெற்கே சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில் வளர்ந்தவன். மேலே இருவரும் சொன்னவை சரியே. ஆனால் பண்பாடு என்றாலே தாந்தே, ஃபுளோரன்ஸ் என்று நின்றுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே பல்லரோ சந்தைக்குப் போனால் பாதிப் பேச்சு சிசிலிய மொழியில்தான் இருக்கும். பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு எங்கள் ஆட்கள், சைவர்களும்கூட, நேர்த்திக்கடனோடு ஏறிப் போகிறார்கள். மானிடவியல் பாடத்தை விருப்பப் பாடமாக எடுப்பவருக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. தெற்கில் வாடகையும் பொலோன்யாவைவிடக் குறைவு.

எங்கே சேர்ந்தாலும் சேர்க்கைக்கான முன்பதிவை யுனிவர்சிட்டாலி எனும் இத்தாலிய அரசு இணையதளம் வழியாகத்தான் செய்ய வேண்டும். வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். உதவித்தொகையைப் பெரும்பாலும் குடும்ப வருமானத்தை வைத்தே தருகிறார்கள் என்பதால், வருமானச் சான்றுகளையும் அவற்றின் இத்தாலிய மொழிபெயர்ப்பையும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

பொன்னி

மூவருக்கும் மிக்க நன்றி. பி2 முடித்த பிறகே விண்ணப்பிக்கிறேன். லெத்தெரேயில் லத்தீன் கட்டாயம் என்று ஒரு பாடத்திட்டத்தில் பார்த்தேன். பள்ளியில் லத்தீன் படிக்காதவர்கள் என்ன செய்வது?

வைகைக்கரை

இத்தாலிய மாணவர்களிலேயே தொழில்நுட்பப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் லத்தீன் படித்திருப்பதில்லை. அவர்களுக்காகத் தொடக்கநிலை வகுப்புகளைப் பல பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. முதலாண்டிலேயே அதில் சேர்ந்துவிடுங்கள், லத்தீன் தேர்வை இரண்டாமாண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த பாடத்திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டால், லத்தீனுக்கு எத்தனை கிரெடிட் என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.