சீன மொழி மாணவருக்கு ஆங்கிலம்: எங்கே சிக்குகிறார்கள், எப்படிப் பயிற்சி கொடுப்பது? (அனுபவப் பகிர்வு)

மாலைவகுப்பு:

சீனாவில் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கோ, கல்லூரியில் சிஇடி-4 எனும் ஆங்கிலத் தேர்வுக்கோ படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்கள் மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தில் கண்டதை எழுதுங்கள். எந்த வாக்கியத்தில் சிக்கினார்கள், ஏன், என்ன செய்தால் சரியாகிறது என்று வந்தால் போதும். "நிறையப் படியுங்கள்" போன்ற பொது அறிவுரை வேண்டாம்.

முதலில் வினைச்சொல். சீனத்தில் வினை உருமாறாது. நேற்று போனாலும் நாளை போனாலும் அதே சொல்தான். காலத்தைக் காட்ட "நேற்று" என்று ஒரு சொல் இருந்தால் போதும். வினைக்குப் பின்னால் வரும் "லெ" செயல் முடிந்ததைக் காட்டுமே தவிர, இறந்தகாலத்தைக் காட்டாது. அதனால் "லெ வந்தால் -இடி (ஆங்கில இறந்தகால விகுதி) போடு" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை முதலில் மறக்கடிக்க வேண்டும். கட்டுரையின் முதல் வாக்கியத்தில் "வென்ட்" என்று சரியாக எழுதிவிட்டு, மூன்றாவது வாக்கியத்தில் "சீ", "டேக்" என்று இறங்கிவிடுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் எழுதுவதில் பயனில்லை. காலத்தை ஒருமுறை சொன்னால் போதும் என்பது அவர்கள் மொழியின் ஒழுங்கு.

இதைவிடக் கடினமானது, ஒரே வாக்கியத்தில் பல வினைகள் வருவது. "கடைக்குப் போய் புத்தகம் வாங்கினான்" என்பதில் "போய்" எச்சம், "வாங்கினான்" முற்று என்பதை நமக்கு வடிவமே சொல்லிவிடும். சீனத்தில் இரண்டும் ஒரே கோலத்தில் வரிசையாக நிற்கும். போதாக்குறைக்கு, சீனக் காற்புள்ளி முழு வாக்கியங்களையே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போகும். ஆங்கிலக் காற்புள்ளிக்கு அந்த அதிகாரம் கிடையாது.

காவ்காவ் புதிய வினாத்தாளில் இலக்கணப் பகுதி சுமார் 200 சொல் கொண்ட ஒரு பத்தி. 10 கோடிட்ட இடங்கள், ஒன்றுக்கு 1.5 மதிப்பெண். அதில் இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்: "ஹீ சாட் பை தி விண்டோ, ____ ஃபார் தி பஸ்." பக்கத்தில் "வெயிட்" கொடுத்திருக்கிறது. பத்துக்கு ஆறு பேர் "வெயிட்டட்" என்றுதான் எழுதுவார்கள். காலம் சரி, அமைப்பு தவறு.

இதற்குச் சீன ஆசிரியர்களே பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. வாக்கியத்தில் உள்ள முற்றுவினைகளை எண்ணு. அதில் ஒன்றைக் கழி. அத்தனை இணைப்புச் சொற்கள் (அண்ட், பட், பிகாஸ், ஹூ, விச், தட் போன்றவை) இருக்க வேண்டும். மேலே "சாட்" ஒரு முற்று. "வெயிட்டட்" போட்டால் இரண்டு. அப்படியானால் இணைப்புச் சொல் ஒன்று வேண்டும், அது இல்லை. ஆகவே இரண்டாவது வினை முற்றாக நிற்க முடியாது: "வெயிட்டிங்". காற்புள்ளிக்குப் பதில் "அண்ட்" இருந்தால் "வெயிட்டட்" சரி. இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினால்தான் புரிகிறது, ஒன்றை மட்டும் காட்டினால் "காற்புள்ளி வந்தால் -ஐஎன்ஜி" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

"தட்" விடுபட்டு நிற்கும் வாக்கியங்களில் இந்தக் கணக்கு இடிக்கும். அங்கே மறைந்திருக்கும் "தட்"டைப் பென்சிலால் எழுதச் சொல்லிவிட்டு எண்ண வேண்டும்.

சொற்குவை:

சார் சொன்ன கணக்கு வாசிப்புக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வாக்கியம் தருகிறேன்: "தி டூல்ஸ் யூஸ்ட் பை ஃபார்மர்ஸ் இன் தி வேலி ஆர் மேட் ஆஃப் பேம்பூ."

இதில் "யூஸ்ட்" வந்ததும் மாணவர் முக்கிய வினை கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார். பிறகு "ஆர் மேட்" வரும்போது வாக்கியம் உடைகிறது. சொற்கள் எல்லாம் தெரியும், ஆனால் பொருள் வரவில்லை என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காரணம் நமக்கு எளிதாகப் பிடிபடும். சீனத்தில் அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வரும், நடுவில் "தெ" என்ற துகள் நிற்கும். "விவசாயிகள் பயன்படுத்தும் கருவிகள்" என்ற நம் பெயரெச்ச வரிசைதான் அவர்களுக்கும். ஆங்கிலமோ பெயரை முதலில் போட்டுவிட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. பெயருக்குப் பின்னால் வருவது இன்னும் பெயரைப் பற்றியதுதான் என்பது அவர்கள் கண்ணுக்குப் பழக்கமில்லை.

பயிற்சி: பென்சிலோடு வாசிக்க வேண்டும். "ஆர், இஸ், வாஸ், ஹேஸ், வில், கேன்" போன்றவற்றை முதலில் வட்டமிடச் சொல்லுங்கள். இவை எப்போதும் முற்று, சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு -இடி வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா, "பை" வந்திருக்கிறதா, முன்னால் உள்ள பெயர் அந்தச் செயலைச் செய்யக்கூடியதா? கருவி எதையும் பயன்படுத்தாது. எனவே "யூஸ்ட்" எச்சம். "யூஸ்ட்" முதல் "வேலி" வரை அடைப்புக்குறி போட்டால் எஞ்சுவது "தி டூல்ஸ் ஆர் மேட் ஆஃப் பேம்பூ". நாளுக்கு 5 நீண்ட வாக்கியங்கள் போதும். 20 கொடுத்தால் குறி போடுவதே இயந்திரமாகிவிடும், சிந்திக்க மாட்டார்கள்.

அடைப்புக்குறி போட்ட வாக்கியத்தைச் சீனத்தில் எழுதச் சொல்லாதீர்கள். மொழிபெயர்த்தால் வரிசை மறுபடியும் தலைகீழாகும், பழைய பழக்கமே வலுப்படும். இடமிருந்து வலமாக, துண்டு துண்டாகச் சத்தமாக வாசித்து "எது? எப்படிப்பட்டது? என்ன ஆயிற்று?" என்று கேட்டாலே போதும்.

பினாங்கு டீச்சர்:

இங்கே மலேசியச் சீனப் பள்ளியில் படிக்கும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். ஒரே லத்தீன் எழுத்துக்கு மூன்று ஒலி அவர்களுக்கு. "சி" என்ற எழுத்து சீன ஒலியை லத்தீன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் "ட்ஸ்", மலாயில் "ச்", ஆங்கிலத்தில் "க்" அல்லது "ஸ்". சிஏடி என்ற மூன்றெழுத்து மலாயில் "சாட்", அதாவது பெயிண்ட். ஆங்கிலத்தில் பூனை. டபிள்யூஓஎம்இஎன் என்று எழுதியிருப்பதைப் பின்யினாக வாசித்தால் "நாங்கள்" என்று பொருள்.

பிள்ளை தடுமாறினால் எழுத்தே தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். எந்த மொழி என்று முதலில் கேளுங்கள். மொழிக்கு ஒரு நிற அட்டை வைத்து, ஆங்கிலச் சொல் எப்போதும் நீல அட்டையில்தான் என்று பழக்கினால் குழப்பம் குறைகிறது. முதலில் கவனிக்க வேண்டியவை சி, கியூ, எக்ஸ், இ ஆகிய எழுத்துகள். "ஹீ", "ஷீ" இரண்டையும் பின்யின் ஒலியில் "ஹ", "ஷ" என்று வாசிப்பது இதனால்தான்.

இன்னொன்று, சொல்லின் கடைசி ஒலி. மாண்டரின் அசை உயிரில் முடியும், அல்லது ன், ங், ர் போன்ற ஒலியில் முடியும். ட், க், ஸ் கிடையாது. "வொர்க்ட்" என்பதில் "க்ட்" அவர்கள் காதில் விழுவதே இல்லை. காதில் விழாததை எழுதவும் மாட்டார்கள். -இடி, -எஸ் விட்டுப்போவதில் பாதி இலக்கணம், பாதி காது. ஹொக்கியன், கான்டனீஸ் போன்ற தென்சீன மொழிகள் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ப், ட், க் இறுதி உண்டு, ஆனால் வெடிக்காமல் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்தடுத்து வரும் இரு மெய் அவர்களுக்கும் சிரமம்தான். "வொர்க் – வொர்க்ட்", "லிவ் – லிவ்ட்", "நீட் – நீடட்" என்று மூன்று வகையையும் கேட்டு, எது கேட்டது என்று விரல் காட்டும் பயிற்சி ஐந்து நிமிடம் நடத்திவிட்டு எழுத்துப் பயிற்சிக்குப் போங்கள்.

புதிய உறுப்பினர்:

டீச்சர், "ஏ", "தி" பற்றி யாரும் சொல்லவில்லையே? என்னிடம் வரும் மாணவி எல்லா இடத்திலும் விட்டுவிட்டாள். சொல்லிக்கொடுத்த பிறகு எல்லா இடத்திலும் "தி" போடுகிறாள்.

பினாங்கு டீச்சர்:

அது எல்லாருக்கும் வரும் இரண்டாம் கட்டம்மா. "தி சொசைட்டி", "தி நேச்சர்" என்று எழுதுவாள், பாருங்கள். சீனத்தில் இந்த வகைச் சொல்லே இல்லை, நம் மொழியிலும் இல்லை. எழுதி முடித்த பத்தியில் பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதல் கேள்வி: எண்ண முடியுமா? முடியும், ஒருமை என்றால் வெறுமனே நிற்கவே கூடாது. "ஏ", "தி", "மை", "திஸ்" ஏதோ ஒன்று முன்னால் வந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விதியே பெரும்பாலான பிழையைப் பிடித்துவிடும். அடுத்த கேள்வி: வாசிப்பவருக்கு எது என்று தெரியுமா? தெரிந்தால் "தி". எண்ண முடியாதது, பொதுவாகச் சொல்கிறோம் என்றால் ஒன்றும் வேண்டாம். எண்ண முடியாத "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "எக்விப்மென்ட்" மூன்றையும் தனித்தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சீனப் பெயர்ச்சொல்லுக்குப் பொதுவான பன்மை விகுதி கிடையாது, "மென்" என்ற சீன விகுதி மனிதர்களைக் குறிக்கும் சொற்களுக்கு மட்டும்தான். அதனால் எதை எண்ணலாம் என்பதை ஒவ்வொரு சொல்லாகத்தான் கற்க வேண்டும்.

சொற்குவை:

சொல்வளம் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிக நேரம் செலவழிப்பதும் அதில்தான், அந்த நேரம் வீணாவதும் அதில்தான்.

சீனக் கடைகளில் "3500 சொற்கள்" என்று புத்தகம் கிடைக்கும். அகரவரிசை என்றால் தொடக்கத்திலேயே "எபாண்டன்" வந்துவிடும். ஏ வரிசை தண்ணீர் பட்ட பாடு, எம் வரிசைக்கு மேல் இருட்டு. கலைத்து அச்சிட்ட பதிப்பையே வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல், ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு சீனப் பொருள். "அட்ரஸ்" என்றால் முகவரி என்று மட்டும் தெரிந்தவர், "அட்ரஸ் தி ப்ராப்ளம்" (சிக்கலைக் கையாள்வது) என்ற தொடரில் முகவரியைத் தேடுவார். தேர்வில் இப்படித் தெரிந்த சொல்லைத் தெரியாத பொருளில் வைத்துத்தான் கேட்பார்கள். மறுபக்கம், சீனத்தில் ஒரு வினைக்கு ஆங்கிலத்தில் பல: கதவைத் திறப்பது, விளக்கைப் போடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது எல்லாவற்றுக்கும் "காய்". அதனால்தான் "ஓப்பன் தி லைட்". கடன் வாங்குவது, கொடுப்பது இரண்டுக்கும் "ஜியே". "பாரோ", "லெண்ட்" குழம்புவது இதனால்தான்.

ஆகவே மனப்பாட அட்டையில் சொல்லைத் தனியாக எழுதக் கூடாது. ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலி என்றாலும் காகித அட்டை என்றாலும், முன்பக்கம் அந்தச் சொல் விடுபட்ட முழு வாக்கியம், முதலெழுத்து மட்டும் குறிப்பாக. பின்பக்கம் சொல், வகை, கூட வரும் துணைச்சொல்: "ப்ரிவென்ட்... ஃப்ரம்", "சஜஸ்ட்" என்றால் பின்னால் -ஐஎன்ஜி. "மேரி வித்", "டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதும் பிழையையும் சிவப்பில் குறிக்கலாம். நாளுக்கு 15 புதிய சொல் போதும். 1, 3, 7, 15ஆம் நாள் திரும்பப் பார்க்க வேண்டும். நாளுக்கு 100 என்று ஓடுபவர்கள் சொல்லைப் பார்த்தால் "தெரியும்" என்பார்கள், வாக்கியத்தில் வந்தால் தெரியாது. படம் காட்டிக் கற்பிக்கும் செயலிகள் "லேடர்" போன்ற பொருட்பெயருக்கு நல்லவை, "டெண்டன்சி" போன்றவற்றுக்கு உதவாது.

உருவம் ஒத்த சொற்கள் தனிக் கூட்டம்: "அடாப்ட் – அடாப்ட்" என்று தமிழில் எழுதினால் வேறுபாடே தெரியாத அந்த ஜோடி, ஒன்றில் ஏ, மற்றதில் ஓ. "கான்ட்ரிப்யூட், அட்ரிப்யூட், டிஸ்ட்ரிப்யூட்" இன்னொரு கூட்டம். சொல்லை முழு உருவமாகப் பார்த்து நினைவில் வைப்பதால் வரும் வினை இது. முன்னொட்டு, வேர் என்று பிரித்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சீன எழுத்தின் ஒரு பக்கம் பொருளுக்கும் மறுபக்கம் ஒலிக்கும் குறிப்புத் தருவதால், பிரித்துப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல.

படிநிலை வாசிப்பு நூல்கள் அவசியம். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையில் 1ஆம் நிலை 400 தலைச்சொல் (அகராதியில் தலைப்பாக வரும் அடிப்படைச் சொல்), 2ஆம் நிலை 700, 3ஆம் நிலை 1000, 4ஆம் நிலை 1400. ஒரு பக்கம் திறந்து 100 சொல்லில் தெரியாதது 2க்கு மேல் இருந்தால் ஒரு நிலை கீழே இறங்க வேண்டும். சீனாவில் இருமொழிப் பதிப்பாகக் கிடைப்பதில் கண் தானாகவே சீனப் பக்கம் போய்விடும். அட்டை வைத்து மறைத்துவிட்டு, அத்தியாயம் முடிந்த பிறகு மட்டும் பார்க்கட்டும்.

மாலைவகுப்பு:

சிஇடி-4 எழுதுபவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. மொத்தம் 710 மதிப்பெண், வாசிப்புக்கு 35 விழுக்காடு, நேரம் 40 நிமிடம். 15 சொல்லில் 10ஐத் தேர்ந்து நிரப்பும் பகுதி 5 விழுக்காடு. நீண்ட கட்டுரையில் பத்தியைப் பொருத்துவது 10. இரண்டு பத்திகள் ஆழ்ந்து வாசிப்பது 20. மூன்றிலும் பத்துப் பத்துக் கேள்விகள் என்பதால், ஒரு கேள்விக்கு முறையே 3.55, 7.1, 14.2 மதிப்பெண். அதாவது கடைசிப் பகுதியில் ஒன்று தவறினால் முதல் பகுதியில் நான்கு போனதற்குச் சமம். தாளில் முதலில் இருக்கிறது என்பதற்காகச் சொல் நிரப்புவதில் 15 நிமிடம் செலவழிப்பது பெரிய இழப்பு. கடைசிப் பகுதிக்கு 20, பொருத்துவதற்கு 13, மிச்சம் 7 நிமிடம் சொல் நிரப்ப. அங்கேயும் பத்தியைப் படிக்கும் முன் 15 சொல்லையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று பிரித்துவிட வேண்டும்.

மொழிபெயர்ப்புப் பகுதியில் எண்கள் வரும். சீனம் நான்கு இலக்கமாக எண்ணும்: "வான்" 10,000, "யி" 10 கோடி. ஆங்கிலம் மூன்று இலக்கமாக. நமக்கு லட்சம், கோடியிலிருந்து மில்லியனுக்கு மாறும்போது வரும் தடுமாற்றம்தான் அவர்களுக்கும். 10 வான் நம் ஒரு லட்சம், 100 வான் ஒரு மில்லியன். 15 வான் என்பதை "ஃபிஃப்டீன் தௌசண்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். மனத்தில் மாற்ற விடாதீர்கள். முதலில் இலக்கமாக எழுதட்டும்: 15, பின்னால் நான்கு சுழியம், 150000. வலமிருந்து மூன்று மூன்றாகக் காற்புள்ளி: 150,000. அப்புறம் வாசித்தால் "ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்". யி வந்தால் எட்டு சுழியம்: 14 யி என்றால் 1,400,000,000, "ஒன் பாயிண்ட் ஃபோர் பில்லியன்". செய்தித்தாளிலிருந்து மக்கள்தொகை, ஏற்றுமதி, பயணிகள் எண்ணிக்கை என்று பத்து எண் எடுத்து இரண்டு பக்கமும் மாற்றிப் பழகட்டும்.