விசிவிக் எடிட்டருக்குத் தமிழ்ச் சொல்: ‘காட்சிவழித் தொகுப்பி’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மேசைக் கணினியில் இணையப் பக்கம் அமைக்க விரும்பும் புதியவர் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விளக்கும் நம் கையேட்டின் வரைவு, விசிவிக் எடிட்டர் (‘What You See Is What You Get’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமான WYSIWYG; பக்கத்தை அது தெரியும் வடிவத்திலேயே அமைக்க உதவும் மென்பொருள்) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் அமையாததால் முதல் இயலிலேயே நிற்கிறது. இதுவரை வந்த மடல்கள் அனைத்தையும் படித்த பின்னரே இதை எழுதுகிறேன். அவற்றுள் பலருடைய ஆதரவைப் பெற்ற கருத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

> ஆங்கிலத் தொடரின் பொருளை அப்படியே தரும் ‘காண்பதே கிடைப்பது’ என்பதை ஏற்றுக்கொள்ளலாம். படிப்பவருக்குத் தனியே விளக்கம் தேவைப்படாது.

இத்தொடர் எளிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இது ஒரு கருவியின் பெயராக இல்லாமல், அக்கருவி தரும் வாக்குறுதியாக இருக்கிறது; இணையப் பக்கத்தைப் பொறுத்தவரை அவ்வாக்குறுதி நிறைவேறுவதும் இல்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1974இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் ஆல்டோ கணினிக்காக பிராவோ என்னும் சொற்செயலியை உருவாக்கியபோது, திரையில் தெரிந்ததே தாளிலும் அச்சாக வேண்டும் என்பது பொருளுள்ள இலக்காக இருந்தது. தாளின் அகலம் மாறாது, அச்சிடும் எழுத்துருவும் மாறாது. இணையப் பக்கமோ படிப்பவரின் திரை அகலத்துக்கும் அவரிடம் உள்ள எழுத்துருவுக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கப்படுகிறது. லதா எழுத்துருவைக் கொண்ட பழைய விண்டோஸ் கணினியில் நாம் அழகாக அமைத்த ஒரு தமிழ்த் தலைப்பு, நிர்மலா யூஐ உள்ள கணினியில் வேறோர் இடத்தில் வரி மடங்கும். இணைமதி உள்ள மேக் கணினியில் அதன் அகலம் இன்னும் வேறுபடும். கைப்பேசியில் மூன்று வரிகளாகவே ஆகிவிடலாம். முதல் இயலில் ‘காண்பதே கிடைப்பது’ என்று எழுதிவிட்டு, நான்காம் இயலில் ‘பக்கத்தைப் பல உலாவிகளில் திறந்து சரிபாருங்கள்’ என்று அறிவுறுத்தினால், புதியவர் எதை நம்புவார்?

இலக்கணச் சிக்கலும் இருக்கிறது. ‘காண்பதே கிடைப்பது’ ஒரு முழு வாக்கியம். அதைத் தொகுப்பி என்பதன் முன் அடையாக வைத்தால் சொற்கள் ஒட்டாமல் தனித்தனியே நிற்கின்றன. வேற்றுமை உருபு ஏற்றாலும் வாசிக்க முடிவதில்லை. இதை உணர்ந்த ஒரு நண்பர் ‘கண்டபடி’ என்று சுருக்கிப் பார்த்தார். ‘கண்டபடி திட்டினார்’, ‘கண்டபடி செலவழித்தார்’ என்று நாள்தோறும் வழங்கும் மொழியில், ஒரு நல்ல கருவிக்கு அப்பெயரைச் சூட்ட இயலாது.

‘தோற்றத் தொகுப்பி’ என்பதை நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். வலைத்தள மென்பொருள்களின் பட்டியலில் தோற்றம் என்பது நிறம், வார்ப்புரு, பின்னணி ஆகியவற்றை மாற்றும் பகுதியைக் குறித்துவருவதால், அழகை மட்டும் மாற்றும் கருவி என்று அது தவறாகப் புரிந்துகொள்ளப்படும். ‘உருவத் தொகுப்பி’ என்றால் படங்களைத் திருத்தும் மென்பொருள்தான் நினைவுக்கு வரும். ‘காட்சித் தொகுப்பி’ இவற்றைவிட நெருங்கி வருகிறது. ஆனால் படத்தொகுப்பு, காட்சித் தொகுப்பு என்னும் சொற்கள் திரைத்துறையில் ஆழ வேரூன்றியவை. மென்பொருள் அங்காடியில் காட்சித் தொகுப்பி என்று கண்டால், காணொளிகளை வெட்டி ஒட்டும் கருவி என்றே பெரும்பாலோர் கருதுவர்.

ஆகவே ‘காட்சிவழித் தொகுப்பி’ என்பதை முன்மொழிகிறேன். தமிழ்வழிக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி என்று நாம் சொல்லும்போது, கற்பிக்கப்படும் பொருளை அன்றி அது கற்பிக்கப்படும் வாயிலையே ‘வழி’ குறிக்கிறது. அதுபோலவே இங்கும் தொகுக்கப்படுவது காட்சி அன்று, பக்கம். அதைக் காட்சியின் வாயிலாகத் தொகுக்கிறோம். இச்சொல் முடிவில் என்ன கிடைக்கும் என்று உறுதியளிப்பதில்லை, பயனர் எவ்வாறு வேலை செய்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. அதற்கு இணையாக, இணையப் பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளை நேரடியாக எழுதும் மென்பொருளைக் ‘குறிவழித் தொகுப்பி’ எனலாம். ஒரு சொல்லை ஆக்கும்போது அதன் மறுதலையும் உடன் அமைந்துவிட்டால், கையேடு எழுதுபவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இவ்விரு வழிகளும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியாக இருந்தவை அல்ல என்பதைக் கையேட்டின் முன்னுரையில் சேர்க்க விரும்புகிறேன். 1990இல் டிம் பெர்னர்ஸ் லீ நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவி, பக்கத்தைப் பார்க்கும் சாளரத்திலேயே அதைத் தொகுக்கவும் இடம் தந்தது. 1993இல் வெளிவந்து பெரிதும் பரவிய மொசைக், பார்ப்பதற்கு மட்டுமே உதவியது. அதன்பின் தொகுப்பதற்குத் தனி மென்பொருள் தேவை என்றாகி, நெட்ஸ்கேப் கம்போசர், ஃபிரண்ட்பேஜ், 1997 இறுதியில் ட்ரீம்வீவர், 2005இல் என்வியூ, அதன் வழித்தோன்றலான கோம்போசர் (KompoZer) என்று வரிசை நீண்டது.

இனித் தேர்வைப் பற்றி. எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்விக்கு, தமிழில் எழுதுபவரைப் பொறுத்தவரை, பொத்தான்களின் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு சோதனை உண்டு. காட்சிவழியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்து, பக்கத்தைச் சேமித்து, அதன் மூலத்தை, அதாவது எச்டிஎம்எல் குறிகளோடு கூடிய கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கும் ‘தமிழ்’ என்றே இருந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். சிலவற்றில் அதே சொல் இப்படி மாறியிருக்கும்:

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தத்தம் யூனிகோடு எண்களாக எழுதப்பட்டுள்ளன. உலாவியில் பக்கம் பிழையின்றித் தெரிவதால் பயனர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆறு மாதம் கழித்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக் குறிவழியில் கோப்பைத் திறக்கும்போதுதான், தம் கட்டுரை முழுவதும் எண்களாகக் கிடப்பது தெரியவரும். மூலத்தில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது, கோப்பின் அளவும் பெருத்திருக்கும். கோம்போசரில் சிறப்பு எழுத்துகளை எவ்வாறு எழுதுவது என்பதற்கு ஓர் அமைப்பு உண்டு. அதில் எண்குறி வடிவத்தைத் தவிர்த்து, பக்கத்தின் குறியாக்கத்தை (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையை) யூனிகோடின் யூடிஎஃப்-8 ஆக வைத்தால் இச்சிக்கல் எழாது. இந்த ஒரு பத்தியை எழுதுவதற்கே காட்சிவழி, குறிவழி என்னும் இரண்டு சொற்களும் எத்தனை முறை கைகொடுக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கோம்போசரின் கடைசிச் சோதனைப் பதிப்பு 2010இல் வந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் (W3C) அமயா என்னும் தொகுப்பியும் 2012இல் நின்றுவிட்டது. ஆதலால் கட்டற்ற மென்பொருள்களுள் இன்றைய புதியவருக்கு சீமங்கி (SeaMonkey) என்னும் இணைய மென்பொருள் தொகுதியுடன் வரும் கம்போசரையே நான் பரிந்துரைப்பேன். அது எளிய பக்கங்களுக்கு மட்டுமே ஏற்றது என்பதையும் கையேட்டில் மறைக்கக் கூடாது. சொற்செயலியில் தட்டச்சு செய்து இணையப் பக்கமாகச் சேமிக்கும் வழக்கத்தை நாம் ஊக்குவிக்க வேண்டாம். ஒவ்வொரு பத்தியிலும் தேவையற்ற பாணிக் குறிகளைத் திணித்து, பிறர் தொட அஞ்சும் கோப்பை அது விட்டுச்செல்கிறது.

எடிட்டருக்குத் ‘தொகுப்பி’ வேண்டாம், ‘திருத்தி’ போதும் என்ற கருத்துக்கும் மறுமொழி சொல்ல வேண்டும். திருத்துவதற்கு முன்பே ஒன்று இருந்தாக வேண்டும். இம்மென்பொருளிலோ வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘தொகு’ என்னும் பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்குத் தொகுப்பி அயலான சொல்லாகவும் இராது. கம்பைலரையும் சிலர் தொகுப்பி என்று எழுதுவது உண்மைதான். அதற்கு நிரல்மொழிமாற்றி என்னும் தெளிவான சொல் வழக்கில் இருப்பதால், குழப்பத்தை அந்தப் பக்கத்தில் தீர்ப்பதே முறை.

சீமங்கி கம்போசரின் அடியில் உள்ள நான்கு தாவல்களுள் முதலாவது ‘நார்மல்’ என்று பெயரிடப்பட்டுள்ளது. வரைவில் அதை ‘இயல்பு’ என்று பெயர்த்துள்ளோம். அது எதையும் உணர்த்தவில்லை, ‘காட்சிவழி’ என்று மாற்றலாம். மூலத்தைக் காட்டும் தாவல் ‘குறிவழி’ ஆகும். தொகுக்க இடம் தராமல் காட்ட மட்டும் செய்யும் தாவலுக்கு ‘முன்தோற்றம்’ என்பதே இருக்கட்டும். இப்போது அது காட்சிவழியோடு குழம்பாது. கோம்போசரில் சாளரத்தை இரண்டாகப் பிரித்து இரு வடிவங்களையும் ஒருங்கே காட்டும் தாவலுக்கு ‘இருவழி’ என்ற பெயர் தானே அமைந்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது, பக்கத்தின் மீதே ஒவ்வொரு குறியின் பெயரையும் மஞ்சள் நிறச் சிறு பெட்டிகளாகக் காட்டும் தாவல். அங்கும் தொகுப்பது காட்சியின் வாயிலாகவே என்பதால் குறிவழி என்று அதைச் சொல்ல முடியாது. ‘குறிகளுடன் காட்சி’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான பெயர் தோன்றுபவர்கள் தெரிவித்தால், அதையும் சேர்த்து முதல் இயலை அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
கையேட்டு வரைவுக் குழுவிலிருந்து